கிறிப்பரில் எழுதியிருக்கும் எண்ணும் நமது கையும்

லண்டனில் வசிக்கும் எனது பல்கலைக்கழகத் தோழர் ஒருவர் கடந்த கிழமை தொலைபேசியில் அழைத்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய இருவர் கதைக்கத் தொடங்கினால் அந்த உரையாடல் எப்படிப் போகும் என்பது இந்தப் பக்கத்தின் வாசகர்களில் பலருக்கும் தெரிந்ததே. முதலில் நாட்டு நடப்பு, அடுத்து யார் யார் காலமானார்கள் என்ற விபரம், அதன் பிறகு சீனி, கொழுப்பு, பிறஷர். இம்முறை அந்த வரிசையில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது.

"மச்சான், கையைப் பலப்படுத்துற கிறிப்பர் ஒண்டு வாங்க யோசிக்கிறன். நீ பாவிக்கிறாய் எண்டு கேள்விப்பட்டன். இருக்கிறதுக்குள்ள பலமானது எது எண்டு சொல்லு" என்றார்.

பத்திரிகைக்காரனிடம் கேள்வி கேட்டால் பதில் பத்தியாகத்தான் வரும். அவர் கேட்ட விதமே பிழை என்பது எனது அபிப்பிராயம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு எனது வலது மணிக்கட்டின் கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது.

2022 ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டை மறந்தவர்கள் இருக்கமாட்டார்கள். பெற்றோல் வரிசையில் மனிதர்கள் இரவு பகலாகக் காத்துக்கிடந்த அந்த நாட்களில் நானும் எனது மோட்டார் சைக்கிளைத் திண்ணையோரம் சார்த்திவிட்டுப் பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தேன். யாழ்ப்பாணத்தவனுக்குச் சைக்கிள் புதிதல்ல. தொண்ணூறுகளின் முற்பகுதியில் மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை. செய்தி சேகரிக்கப் போனதும் சைக்கிளில்தான், இரவில் அதே சைக்கிளின் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோச் செய்தியும் கேட்டோம். ஆனால் அன்று எனக்கு இருபதும் சொச்சமும். ஐம்பதுக்கு மேல் அதே வீதியில் ஒரு நாயை விலத்தப்போய் விழுந்தபோது, வலது கையை ஊன்றினேன். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு கிழமைகள் மாக்கட்டு.

மாக்கட்டை வெட்டி எடுத்த நாளில் உள்ளே இருந்து வெளிப்பட்ட கை என்னுடையதுதானா என்ற சந்தேகம் எழுந்தது. மெலிந்து, தோல் உரிந்து, யாரோ ஒரு வயோதிபருடையதைப்போல இருந்தது. வீட்டுக்கு வந்து கதவுத் திறப்பைத் திருப்ப முடியவில்லை. பேனையைப் பிடித்து எனது பெயரை எழுதினேன். வங்கியில் அந்தக் கையெழுத்தைக் கொடுத்திருந்தால் காசு தந்திருக்கமாட்டார்கள். சைக்கிள் பிறேக்கைப் பிடிக்கும் பேச்சே இல்லை. முப்பது வருடங்களுக்கு மேலாகக் கையை நம்பிச் சீவித்தவன் நான். கணினி வந்த பிறகும் குறிப்பைக் கையால் எழுதும் பழக்கத்தை விடவில்லை. அன்றிரவு நித்திரை வரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவில் ஓர் இளம்பெண். எனது மகளின் வயதுதான் இருக்கும். ஒரு கருவியைக் கையில் தந்து, "ஐயா, ஏலுமான அளவுக்கு இறுக்கிப் பிடியுங்கோ" என்றார். பிடிவலுவை அளக்கும் டைனமோமீற்றர் அது. இடது கை 31 கிலோ காட்டியது. வலது கை 14.

"பயப்பிடாதேங்கோ, இது வரும். ஆனா அவசரப்படக்கூடாது" என்றார் அந்தப் பிள்ளை. மென்மையான களி போன்ற ஒன்றைப் பிசையத் தந்தார், துவாயைப் பிழியச் சொன்னார், விரல்களை விரித்து மடக்கச் சொன்னார். எனக்கு இவையெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டாகப்பட்டன. செய்தி ஆசிரியனுக்குரிய அவசரம் இரத்தத்தில் ஊறியதல்லவா? மூன்றாம் கிழமையே நகரத்தில் விளையாட்டுப் பொருட்கள் விற்கும் ஒரு கடைக்குப் போய்விட்டேன். கடைப் பொடியன் இரண்டைக் காட்டினான். ஒன்று பிளாஸ்ரிக் பிடியுடையது. திருகினால் 5 முதல் 60 கிலோ மட்டும் போகும் என்றான். மற்றது பளபளவென்ற உலோகப் பிடியுடையது.

"அண்ணை, ஆம்பிளையள் எடுக்கிறது இதைத்தான்" என்று உலோகத்தைக் கையில் தந்தான். எடுத்தேன். அந்த வசனம்தான் என்னை வாங்கவைத்தது என்பது பின்னரே விளங்கியது.

அதை ஒருமுறைகூட என்னால் முழுதாக மூட முடியவில்லை. முடியாதென்பதாலேயே தினமும் முயன்றேன். பத்து நாட்களில் பெருவிரல் அடியிலும் முழங்கையின் உட்புறத்திலும் நோ பிடித்து, பேனை பிடிப்பதும் நின்றுபோனது. இயன்மருத்துவப் பிள்ளையிடம் திரும்பப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இரண்டு மாதங்கள் வீண்.

நிற்க. இந்தக் கிறிப்பர் என்ற சாமான் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பிடிகள், அவற்றை இணைக்கும் ஒரு சுருள் வில். அவ்வளவுதான். ஆனால் அந்த வில்லின் குணம், மூட மூட எதிர்ப்பு ஏறிக்கொண்டே போவது. திறந்திருக்கையில் இலேசு, பிடிகள் ஒன்றையொன்று தொடப்போகும் கடைசிச் சில மில்லிமீற்றரில்தான் ஆகக் கடினம். நமது கையோ அதற்கு நேர்மாறானது. விரல்கள் பாதி மடங்கியிருக்கும் நிலையில்தான் கைக்குப் பலம் அதிகம். வைத்தியசாலை டைனமோமீற்றரில் ஐந்து அகல நிலைகள் இருந்தாலும் வழமையாக இரண்டாவதில் வைத்து அளப்பதற்குக் காரணம் அதுவே. முற்றாக மடங்கும்போது தசைகள் சுருங்கிக் குறுகி வலுவிழக்கின்றன. ஆக, வில் ஆகப் பலமாயிருக்கும் இடத்தில் கை ஆகப் பலவீனமாயிருக்கிறது. பாதிவரை சுலபமாக வந்த கிறிப்பர் கடைசியில் கல்லாக நிற்பது இதனால்தான். "பாதி மூடுது, இன்னும் கொஞ்சம்தான்" என்று கடையில் நின்று நினைப்பவர் ஏமாந்துபோவார். நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

இன்னொன்று. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களுக்குள் இல்லை. அவை முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நாண்கள் மணிக்கட்டின் ஒடுக்கமான வழியால் இறங்கி விரல்களுக்குப் போகின்றன. ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் அந்தச் சிறு வழிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. நமது ஊர் மினி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். தசை சில கிழமைகளில் பலம் பெறத் தொடங்கிவிடும். நாண்கள் அவ்வளவு விரைவில் ஈடுகொடுக்கமாட்டா. ஐம்பது வயதுக்காரர் இருபது வயதுக்காரரின் வேகத்தில் கூட்டிக்கொண்டு போனால், தசை சம்மதித்தாலும் நாண் சம்மதிக்காது.

இனிப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணுக்கு வருவோம். விற்பனையே அந்த எண்ணை வைத்துத்தான் நடக்கிறது.

இலங்கையில் இறாத்தல் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது பாண். ஒரு இறாத்தல் பாண் என்று கேட்டு வாங்குகிறோம். நிறுத்துப் பார்த்தால் எத்தனை கிராம் இருக்கும் என்பது பேக்கரிக்காரரின் மனச்சாட்சியைப் பொறுத்த விடயமாக இருந்தது. கடைசியில் 2024 இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, முழுப் பாண் என்றால் 450 கிராம் என வர்த்தமானியில் அறிவிக்கவேண்டி வந்தது. கிறிப்பரின் இறாத்தலுக்கு இப்படியொரு வர்த்தமானி எந்த நாட்டிலும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 100 இறாத்தல் இன்னொரு நிறுவனத்தின் 100 இறாத்தல் அல்ல. பிடியின் எந்த இடத்தில் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்பதை ஒவ்வொருவரும் தமக்கு வசதியாகத் தீர்மானிக்கிறார்கள்.

உதாரணத்துக்கு, இத்துறையில் மிகவும் மதிக்கப்படும் அமெரிக்க நிறுவனமான அயன்மைண்டையே எடுப்போம். 1988 இல் ராண்டல் ஸ்ட்ரோசன் என்பவர் ஆரம்பித்தது. அவர்களது 'கப்டன்ஸ் ஒவ் கிறஷ்' கிறிப்பர்கள் உலகப் பிரசித்தம். 60 இறாத்தலில் தொடங்கி 80, 100, 120, 140 என்று ஏறி, 3 ஆம் இலக்கம் 280, 4 ஆம் இலக்கம் 365 என்று முடிகிறது. நான்காம் இலக்கத்தை முதலில் மூடிச் சான்றிதழ் பெற்றவர் ஜோ கின்னி என்ற அமெரிக்கர், 1998 இல். சுவீடனின் பலசாலி மக்னஸ் சாமுவேல்சனும் 2004 இல் அந்தச் சான்றிதழைப் பெற்றார். மூன்றாம் இலக்கத்தை மூடுவதே வாழ்நாள் இலட்சியமாகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். சான்றிதழுக்கான விதியும் கடுமையானது. தொடக்கத்தில் பிடிகளின் நுனிகளுக்கு இடையில் ஒரு கடனட்டையின் அகலத்துக்குக் குறையாத இடைவெளி இருக்கவேண்டும், அதிலிருந்து மூடிக் காட்டவேண்டும்.

இந்த நிறுவனத்தை நான் குறை சொல்லவில்லை. தரமான சாமான். ஆனால் அதே 280 இறாத்தல் கிறிப்பரின் பிடி நுனியில் நிறையைத் தொங்கவிட்டு அளக்கும் ஆர்வலர்கள், சுமார் 150 இறாத்தலிலேயே பிடிகள் தொட்டுவிடுவதைக் கண்டிருக்கிறார்கள். பொய் என்று சொல்லமுடியாது; அளக்கும் இடம் வேறு, அளவு வேறு. அந்த நிறுவனத்தின் வரிசைக்குள் ஒன்றோடொன்றை ஒப்பிட அந்த எண் உதவும். அதற்கு வெளியே அது ஒரு பெயர் மட்டுமே. அதைக் கொண்டுவந்து, "டொக்டர் எனக்கு 31 கிலோ எண்டவர், அப்ப 31 கிலோ கிறிப்பர் எடுப்பம்" என்று கணக்குப்போடுவது அரிசியை முழக்கோலால் அளப்பதற்கு ஒப்பானது.

சந்தேகம் பிடித்த தொழில் எனது தொழில். ஆகவே பின்னொரு நாள், நான் இரண்டாவதாக வாங்கிய பிளாஸ்ரிக் கிறிப்பரைத் தூக்கிக்கொண்டு வழமையாகச் சைக்கிள் திருத்தும் கடைக்குப் போனேன். கீழ்ப் பிடியை மேசையிலிருந்த வைஸில் இறுக்கினோம். மேற்பிடியின் நுனியில் நாடாவைக் கட்டி ஒரு வாளியைத் தொங்கவிட்டு, அளவுப் போத்தலால் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றினோம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. இதற்கு விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை, கலைப் பட்டதாரிக்கும் தெரியும். திருகி 20 கிலோவில் வைத்திருந்த கிறிப்பர், வாளியோடு சேர்த்துப் பன்னிரண்டு கிலோவை அண்மிக்கும்போதே மூடிக்கொண்டது. 40 இல் வைத்தபோது அந்த இடைவெளி இன்னும் கூடியது. கடைக்காரர் சிரித்துவிட்டு, "உதிலையும் களவோ?" என்றார்.

களவோ இல்லையோ, எனக்கு அதனால் நட்டமில்லை. ஏனெனில் அந்த வேளையில் எண்ணைப் பார்த்து வாங்கும் பழக்கத்தை நான் விட்டிருந்தேன். இயன்மருத்துவப் பிள்ளை சொன்ன அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். "நோவில்லாமல் பத்துத் தரம் முழுதாக மூடக்கூடியது எதுவோ, அதுதான் உங்கட கிறிப்பர். பத்துத் தரம் மூடேலாட்டில் அது இன்னும் உங்களுக்கு உரியதில்லை."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குரியது அந்தப் பிளாஸ்ரிக் கிறிப்பரின் ஆகக் கீழ் எண்ணாக இருந்தது. கடைக்காரன் "ஆம்பிளையளுக்கு" என்று தந்த உலோகம் மேசையில் கடதாசிக்குப் பாரமாக இன்றும் இருக்கிறது. கிழமையில் மூன்று நாட்கள், ஒரு நாளைக்குப் பத்துப் பத்தாக மூன்று தடவை. அவ்வளவுதான். இடையில் கைக்கு ஓய்வு. பத்து என்பது பதினைந்தாக இலகுவில் போகும்போது திருகை ஒரு படி ஏற்றினேன். ஐந்து மாதங்களில் வலது கை 27 கிலோவுக்கு வந்தது. அந்தப் பிள்ளை எழுதித் தந்த துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

இடையில் இன்னொரு விடயத்தையும் அவரே கவனிக்கவைத்தார். கிறிப்பர் விரல்களை மடக்க மட்டுமே பழக்கும். விரிக்கும் தசைகளை யார் கவனிப்பது? அதற்கு எந்தக் கடைக்கும் போகத் தேவையில்லை. பத்திரிகைக் கட்டுக்குப் போடும் அகலமான றப்பர் பாண்ட் ஒன்றை ஐந்து விரல் நுனிகளையும் சேர்த்துப் போட்டு, விரல்களை விரிக்கவேண்டியதுதான். விரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வில் வைத்த கருவியும் சந்தையில் உண்டு. வாத்தியம் வாசிப்பவர்களுக்கு ஆகும் என்கிறார்கள், நான் பாவித்ததில்லை.

இவ்வளவும் என்னைப் பற்றிய கதை. உண்மையில் என்னை இந்தப் பத்தியை எழுதத் தூண்டியது வேறு.

இணையத்தில் கிறிப்பர் விளம்பரங்களைப் பார்ப்பவர்கள், "பிடிவலு கூடினால் ஆயுள் கூடும்" என்ற வாசகத்தைக் கண்டிருப்பீர்கள். அதற்கு அடிப்படையாகக் காட்டப்படுவது பெரும்பாலும் 2015 இல் லான்செற் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு. 17 நாடுகளில் 35 முதல் 70 வயது வரையான 139,691 பேரின் பிடிவலுவை அளந்து, சுமார் நான்கு ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பிடிவலு ஒவ்வொரு 5 கிலோ குறையும்போதும் மரணிக்கும் அபாயம் 16 வீதம் கூடியிருந்தது. இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிடப் பிடிவலுவே மரணத்தைக் கூடுதலாக முன்கூட்டிக் காட்டியது. பெரிய ஆய்வு, முக்கியமான ஆய்வு. ஆனால் விளம்பரக்காரர் அதிலிருந்து எடுக்கும் முடிவு அந்த ஆய்வில் இல்லை.

கை இங்கே ஒரு சாட்சி. உடம்பு முழுவதிலும் தசை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, சாப்பாடு ஒழுங்காக இருக்கிறதா, ஒளிந்திருக்கும் நோய் ஏதும் உண்டா என்பதையெல்லாம் கை தன் வலுவால் வெளியே சொல்கிறது. சாட்சியைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தால் வழக்கு மாறிவிடுமா? காய்ச்சல்காரனின் வெப்பமானியை ஐஸ் தண்ணீரில் வைத்தால் எண் இறங்கும்; காய்ச்சல் இறங்காது. நடக்காமல், படி ஏறாமல், கதிரையில் இருந்து எழும்பக் கையை ஊன்றிக்கொண்டு, தொலைக்காட்சிக்கு முன்னால் கிறிப்பரை மட்டும் நெரித்துக்கொண்டிருப்பவர் டைனமோமீற்றரை ஏமாற்றலாம்.

ஆனால் அளந்து பார்ப்பதில் மிகப் பெரிய பயன் உண்டு. தசை நலிவைக் கண்டறிய ஆசிய நிபுணர் குழு 2019 இல் வகுத்த எல்லை, ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. இதற்குக் கீழே போனால் கவனிக்கவேண்டும் என்பது பொருள். ஐரோப்பியக் குழு 27 என்றும் 16 என்றும் வைத்திருக்கிறது. இந்த எண்களை வாசித்தபோது எனது நினைப்பெல்லாம் எனது வலது கையில்தான் இருந்தது.

ஐந்தாம் மாதப் பரிசோதனைக்கு எனது மனைவியும் கூட வந்திருந்தார். எனது 27 ஐக் கண்ட சந்தோசத்தில் அந்தப் பிள்ளை விளையாட்டாக, "அம்மா, நீங்களும் ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோவன்" என்று கருவியை நீட்டினார். மனைவி சிரித்துக்கொண்டு பிடித்தார். 15.

பிடித்த விதம் பிழையாக இருக்கும் என்று மூன்று தரம் அளந்தார்கள். மூன்றிலும் பதினைந்தைத் தாண்டவில்லை. முறிவு இல்லை, மாக்கட்டு இல்லை, விபத்து இல்லை.

இடியப்ப உரல் பிழிந்தவர்களுக்குத் தெரியும், அதைவிடக் கடினமான கிறிப்பரை எந்த அமெரிக்க நிறுவனமும் செய்யவில்லை. மர உரலின் இரண்டு பிடிகளையும் சேர்த்து நெரிக்க, சுடுமா நூல்நூலாக இறங்கும். முப்பது தட்டுக்குப் பிழிந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனவர் அவர். துலாவில் தண்ணீர் அள்ளி, ஈரச் சாரத்தையும் படுக்கை விரிப்பையும் முறுக்கிப் பிழிந்து, திருவலையில் தேங்காய் துருவி வளர்ந்த கை. பிறகு தண்ணீர்ப் பம்பி வந்தது, சலவை இயந்திரம் வந்தது, இடியப்பம் கடையில் வந்தது. இவையெல்லாம் வரவேண்டியவைதான், பெண்களின் முதுகு முறிந்த காலத்தை நினைத்து ஏங்குகிறவன் நானல்ல. ஆனால் அந்த வேலைகள் போன இடத்தில் எதுவும் வரவில்லை. கை சும்மா இருந்தது. எப்போதிருந்து ஊறுகாய்ப் போத்தலை எனது பக்கம் நகர்த்தத் தொடங்கினார் என்று யோசித்துப் பார்த்தேன். நான்கைந்து வருடங்கள் இருக்கும். கணவனிடம் கேட்பது ஒரு செல்லம் என்று நினைத்திருந்தேன். எனது கை முறிந்த ஆறு கிழமைகளில் அந்தப் போத்தல்களை யார் திறந்தது என்று கேட்டேன். அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டதாகச் சொன்னார்.

எனது கைக்காக வீடே கலங்கியது. அவரது கையை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கிறிப்பர் விற்பவர்களும் கேட்பதில்லை. பெட்டியில் இருப்பது நரம்பு புடைத்த இளைஞனின் கை. அந்தப் பெட்டியை ஒரு ஐம்பத்தைந்து வயதுப் பெண் கையில் எடுத்தால், இது தனக்கில்லை என்று வைத்துவிடுவார். போதாததற்குப் பெரும்பாலான உலோகக் கிறிப்பர்களின் பிடிகள் அகலமாக விரிந்திருக்கின்றன. சிறிய கைக்கு விரல் நுனியால்தான் எட்டிப் பிடிக்கலாம். மற்றக் கையால் பாதி நெருக்கிக் கொடுத்தபிறகே மூடலாம். வாங்கும்போது எண்ணைவிட இந்த அகலத்தையே முதலில் பார்க்கவேண்டும். திறந்த நிலையிலேயே விரல்களின் நடுப்பகுதி பிடியில் அமரவேண்டும்.

வீட்டுக்கு வந்து எனது பிளாஸ்ரிக் கிறிப்பரை ஆகக் கீழே திருகிக் கொடுத்தேன்.

"உதை வைச்சு நான் என்ன செய்யப்போறன்? எனக்கு வேற வேலையில்லையே?" என்றார். அடுத்த நாள் பின்னேரம் நாடகம் பார்க்கும்போது கிறீச் கிறீச் என்று சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வைத்துவிடுவார். கிறிப்பரோடு கூடக் காலையில் நடையும், சாப்பாட்டில் முட்டையும் மீனும் கடலையும் கூடவேண்டும் என்று அந்தப் பிள்ளை எழுதிக் கொடுத்திருந்தார். கிறிப்பரைவிட அந்த இரண்டுமே முக்கியம் என்றும் வாய்மொழியாக அழுத்திச் சொன்னார். ஏழு மாதங்களின் பின்னர் அளந்தபோது 18.5. எல்லையைக் கடந்துவிட்டார் என்பதல்ல, கீழே இறங்கவில்லை என்பதே பெரிய ஆறுதல்.

யார் கிறிப்பரைத் தொடக்கூடாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். இரவில் கை விறைத்து எழும்புகிறவர்கள், மடக்கிய விரல் நிமிராமல் 'டக்' என்று விடுபடுகிறவர்கள் முதலில் வைத்தியரிடம் போகவேண்டும். இந்த இரண்டாவது வருத்தம் நீரிழிவுக்காரருக்குக் கூடுதலாக வரும்; நமது சனத்தில் நீரிழிவு இல்லாத வீடு எது? முட்டுவாதத்தால் விரல் மூட்டுகள் வீங்கியிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். இரத்த அழுத்தமுள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நெரிக்கக்கூடாது. அந்தக் கணத்தில் அழுத்தம் மேலே பாயும்.

அழுத்தத்தைக் குறைக்கக் கிறிப்பர் நல்லதாமே என்று தோழர் கேட்டார். அந்தச் செய்திக்கும் ஓர் அடி உண்டு. முழுப் பலத்தின் 30 வீதத்தில், இரண்டு நிமிடங்கள் அசையாமல் பிடித்து, ஓய்வு விட்டு நான்கு தடவை, கிழமைக்கு மூன்று நாட்கள் செய்யும் பயிற்சி சிலருக்கு அழுத்தத்தைக் குறைப்பதாகச் சோதனைகள் காட்டின. 2013 இல் அமெரிக்க இருதயச் சங்கமும் அதைப் பரிசீலிக்கத்தக்க துணைவழிகளில் ஒன்றாகக் குறிப்பிட்டது. ஆனால் அந்த 30 வீதத்தை அளந்து காட்டும் கருவியைக் கொண்டே அது செய்யப்பட்டது. வில் கிறிப்பரால் அதைக் காட்ட முடியாது. மாத்திரையை நிறுத்திவிட்டு இதைப் பிடிக்கலாம் என்று யாரும் சொல்லவுமில்லை.

ஆகவே எனது தோழருக்குப் பதில் இதுதான். இருப்பதற்குள் பலமானதை வாங்காதே. கடையில் நின்று, நோவில்லாமல் பத்துத் தரம் மூடிப் பார். ஏழாவதில் கை நடுங்கினால் அதைவிட இலேசானதை எடு. திருகி மாற்றக்கூடிய மலிவானது போதும். பெயர்பெற்ற உலோகம்தான் வேண்டுமென்றால் 60 இல் தொடங்கு. 280 ஐப் பற்றி உனது பேரன் யோசிக்கட்டும். குதிரைக்காரன் போலத் தினமும் சவுக்கடி போடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்.

இதையெல்லாம் அன்றே தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னேன். பிறகு, "வீட்டில தங்கச்சி எப்பிடி? போத்தல் மூடியளை ஆர் திறக்கிறது?" என்று கேட்டேன்.

சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை. "பொறு, கேட்டுச் சொல்லுறன்" என்றார்.